கிளட்சா, கியர் பாக்ஸா?

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தான் ஒரு பழைய காரை விலைக்கு வாங்கினார். அது 2006ஆம் ஆண்டில் தயாரான மாருதி 800. முழங்கால் வலியால் பஸ் படி ஏற முடியாமல் போன தம் தாயாரை வாரம் இரு முறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அதற்காகவே கையிலிருந்த சேமிப்பு முழுவதையும் அந்த வண்டியில் போட்டார்.

நான்கு மாதம் வண்டி ஒழுங்காக ஓடியது. ஐந்தாம் மாதம் தொல்லை தொடங்கியது. நிற்கும் வண்டியில் முதல் கியர் விழ மறுத்தது. ரிவர்ஸ் போட்டால் 'கரக்' என்று பல் கடிக்கும் சத்தம். ஒரு பட்டறையில் காட்டினார். "கேபிள் தளர்ந்துவிட்டது" என்று சொல்லி முறுக்கிக் கொடுத்தார்கள். சத்தம் நின்றது. ஆனால் சில வாரங்களில் புதிய தொல்லை வந்தது. மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, கார் ஊர்கிறது, கருகிய வாடை அடிக்கிறது! இன்னொரு பட்டறைக்குப் போனார். அங்கே கேபிளைத் தளர்த்தினார்கள். மேம்பாலத்தில் கார் ஏறியது. ஆனால் பழைய 'கரக்' திரும்பி வந்துவிட்டது. "கியர் பாக்ஸே போய்விட்டது சார், இறக்கிப் பிரிக்க வேண்டும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். கார் வாங்கிய விலையில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடலாம் என்ற முடிவுக்கு அத்தான் வந்திருந்தார்.

உண்மையான கோளாறு என்ன? அதைப் பிறகு சொல்கிறேன். கிளட்ச் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால், நான் சொல்வதற்கு முன் நீங்களே கண்டுபிடித்துவிடக் கூடும்.

மாருதி 800 உங்களுக்குத் தெரியாத வண்டியன்று. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்தது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தயாராயின. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின், முன் சக்கரங்களைச் சுழற்றுகிறது. கிளட்ச் பெடலையும் கிளட்சையும் இணைப்பது வெறும் எஃகுக் கேபிள்தான். சைக்கிள் பிரேக் கேபிளின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோளாறுகளைப் பற்றிப் படிக்க இதைவிட நல்ல வண்டி கிடைக்காது.

உள்ளங்கையில் ஒரு கிளட்ச்

இரு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து வையுங்கள். வலக்கை எஞ்சின், இடக்கை சக்கரத்துக்குப் போகும் தண்டு. கைகளை இலேசாக வைத்துக்கொண்டு வலக்கையைத் திருப்புங்கள். வலக்கை வழுக்குகிறது, இடக்கை அசையவில்லை. இப்போது இரு கைகளையும் இறுக அமுக்கிக்கொண்டு திருப்புங்கள். இடக்கையும் கூடவே திரும்புகிறது அல்லவா? உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடியும் செய்யுங்கள். எவ்வளவு அமுக்கினாலும் வழுக்கும்.

கிளட்ச் என்பது இவ்வளவுதான். எஞ்சினோடு சேர்ந்து எப்போதும் சுழலும் கனமான சக்கரம் பிளைவீல். அதற்கு எதிரே பிரஷர் பிளேட் என்ற வார்ப்பிரும்பு வளையம். இரண்டுக்கும் நடுவே, இரு கைகளுக்கு இடையே அமுக்கிய அப்பளம் போல, கிளட்ச் பிளேட் இருக்கிறது. அதன் இரு முகங்களிலும் சொரசொரப்பான உராய்வுப் பொருள் பட்டை ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டு இந்தப் பிளேட்டின் நடுவில் செருகியிருக்கிறது. ஒரு வட்டமான வில் தகடு, பிரஷர் பிளேட்டை எந்நேரமும் அமுக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் பெடலை மிதித்தால் கேபிள் இழுபட்டு, ரிலீஸ் பேரிங் என்ற உருண்டை பேரிங் அந்த வில் தகட்டின் நடுவிரல்களைத் தள்ளும். அப்போது பிடி விடுபடும்.

பெடலை மிதிக்காதபோது கிளட்ச் பிடித்துக்கொண்டிருக்கிறது; மிதிக்கும்போது விடுகிறது. பலர் இதைத் தலைகீழாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பெடலுக்கு 'கிளட்ச்' என்று பெயர் இருப்பதால் வந்த குழப்பம்!

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். உங்கள் பௌதிகப் பாடத்தில் வரும் உராய்வு விதியே போதும். கிளட்ச் கடத்தக்கூடிய முறுக்குவிசையைக் காண, உராய்வுக் குணகத்தை அமுக்கும் விசையாலும், பிறகு பட்டையின் சராசரி ஆரத்தாலும், பிறகு இரண்டாலும் பெருக்க வேண்டும். இரண்டு எதற்கு? பிளேட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு அல்லவா? ஒரு சிறு காருக்கு ஏற்ற எண்களை எடுத்துக்கொள்வோம். குணகம் 0.3, அமுக்கும் விசை 2,000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ நான்கு சிமெண்டு மூட்டைகளின் எடை, ஆரம் 7 செ.மீ. பெருக்கினால் 84 நியூட்டன் மீட்டர் வருகிறது. மாருதி 800 எஞ்சின் தரும் மிக உயர்ந்த முறுக்குவிசை 59 நியூட்டன் மீட்டர். ஆகவே கிளட்சுக்கு 25 நியூட்டன் மீட்டர் மிச்சமிருக்கிறது, வழுக்காது.

இனி, எண்ணெய்க் கசிவினால் குணகம் 0.1 ஆகக் குறைந்தது என்று கொள்ளுங்கள். விடை 28. எஞ்சின் தருவதில் பாதியைக்கூட இந்தக் கிளட்ச் கடத்தாது. எண்ணெயே இல்லை, ஆனால் அமுக்கும் விசை 2,000இலிருந்து 1,200 ஆகக் குறைந்துவிட்டது என்றால்? விடை சுமார் 50. மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. முழு வேகம் கேட்கும்போதுதான் வழுக்கும். இந்த 50ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டே குற்றங்கள்

கிளட்சுக்குக் கடமைகள் இரண்டு. பிடிக்கும்போது முழுவதும் பிடிக்க வேண்டும். விடும்போது முழுவதும் விட வேண்டும். எனவே அது செய்யக்கூடிய குற்றங்களும் இரண்டு. முழுவதும் பிடிக்காவிட்டால் 'ஸ்லிப்' என்கிறார்கள். நாம் வழுக்கல் என்போம். முழுவதும் விடாவிட்டால் அதை ஒட்டல் என்று சொல்வோம். வழுக்கும் கிளட்சில் கியர் எளிதாக விழும், வண்டி இழுக்காது. ஒட்டும் கிளட்சில் வண்டி நன்றாக இழுக்கும், கியர் விழாது.

இரண்டையும் ஆட்டி வைப்பது கேபிளின் நுனியில் உள்ள ஒரு சிறு நட். பெடலைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். முதலில் சிறிது தூரம் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். பிறகுதான் கனம் தெரியும். அந்த வெற்று இறக்கத்தைப் பட்டறைகளில் 'ஃப்ரீ ப்ளே' என்பார்கள். பல சிறு கார்களில் இது 1.5 முதல் 2.5 செ.மீ. வரை இருக்கும், வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் எண்ணே சரியான எண். நட்டை முறுக்கினால் வெற்று இறக்கம் குறையும். முறுக்கிக்கொண்டே போனால் அது முற்றிலும் மறைந்து, பெடலை யாரும் தொடாதபோதே ரிலீஸ் பேரிங் வில் தகட்டை அமுக்கத் தொடங்கும். அதாவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கால் எந்நேரமும் கிளட்சைப் பாதி மிதித்தபடி இருக்கும். அமுக்கும் விசை குறைந்து கிளட்ச் வழுக்கும். நட்டைத் தளர்த்தினால் வெற்று இறக்கம் கூடும். மிதியின் பெரும்பகுதி வீணாகி, கடைசியில் கிளட்ச் முழுவதும் விடாது. அது ஒட்டல்.

வெற்று இறக்கம் தானாகவும் மாறும். பிளேட்டின் பட்டை தேயத் தேய, பிரஷர் பிளேட் பிளைவீலை நோக்கி நகரும். அப்போது வில் தகட்டின் நடுவிரல்கள் எதிர்ப்புறமாக, ரிலீஸ் பேரிங்கை நோக்கி நகர்ந்து வரும். ஆகவே தேய்ந்த பிளேட்டில் வெற்று இறக்கம் குறைந்துகொண்டே போகும். பிளேட் தேய்ந்தால் பெடல் தளரும் என்று பலர் நினைக்கிறார்கள். கேபிள் கிளட்சில் நடப்பது இதற்கு நேர்மாறு. கேபிள் நைந்து நீண்டால்தான் பெடல் தளரும்.

வண்டியிடம் கேளுங்கள்

மருத்துவர் வயிற்றைக் கிழித்துப் பார்த்து நோயைத் தெரிந்துகொள்வதில்லை. தட்டிப் பார்க்கிறார், கேள்வி கேட்கிறார். காரையும் அப்படித்தான் கேட்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பதினெட்டு வயது நிரம்பி உரிமம் பெறும்வரை நீங்கள் ஓட்டக் கூடாது. பெரியவர் ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுங்கள்.

முதல் கேள்வியை எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்கலாம். கிளட்சை மிதித்துக்கொண்டு எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். எல்லாம் இலகுவாக விழுகின்றனவா? பிறகு எஞ்சினை ஓடவிட்டு அதையே செய்யச் சொல்லுங்கள். நின்ற எஞ்சினில் விழுந்த கியர், ஓடும் எஞ்சினில் விழ மறுத்தால் கியர் பாக்ஸின் மீது பழி போடாதீர்கள். கம்பியும் புஷ்ஷும் பல்சக்கரமும் இரண்டு முறையும் அவையேதான். மாறியது ஒன்றே: எஞ்சின் சுழல்கிறது. அந்தச் சுழற்சி கியர் பாக்ஸுக்குள் கசிகிறது என்றால், கிளட்ச் முழுவதும் விடவில்லை. மாறாக, நின்ற எஞ்சினிலும் கியர் விழாவிட்டால் கோளாறு கிளட்சுக்கு அப்பால் இருக்கிறது. கியர் கம்பியிலோ, அதன் தேய்ந்த புஷ்களிலோ, கியர் பாக்ஸின் உள்ளேயோ தேட வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள். நின்ற வண்டியில் சில சமயம் பல்லுக்கு நேரே பல் நின்று தடுக்கும். வண்டியை ஓரடி தள்ளிவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்தது ரிவர்ஸ் சோதனை. இந்தக் காரில் முன்னோக்கிய கியர்கள் எல்லாவற்றுக்கும் வேகத்தைச் சமன் செய்யும் பித்தளை வளையம் உண்டு, ரிவர்ஸுக்கு இல்லை. அதனால்தான் ரிவர்ஸ் உண்மையைச் சொல்லிவிடுகிறது. எஞ்சின் மெல்ல ஓடட்டும். கிளட்சை அடிவரை மிதித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடச் சொல்லுங்கள். ஏன் எண்ண வேண்டும்? கிளட்ச் விட்ட பிறகும் கியர் பாக்ஸின் தண்டு நிலைமத்தால் சற்று நேரம் சுழலும். மின்விசிறியை நிறுத்திய பிறகும் சுற்றுவதில்லையா, அதுபோல. மிதித்த உடனே ரிவர்ஸ் போட்டால் புதுக் காரும் 'கரக்' என்னும். ஐந்து எண்ணிய பிறகும் கடித்தால் தண்டை யாரோ சுழற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பொருள். அந்த 'யாரோ' ஒட்டிக்கொண்டிருக்கும் கிளட்ச்தான்.

வழுக்கலைக் கண்டுபிடிக்க டாப் கியர் வேண்டும். வாகனம் இல்லாத நேரான சாலையில், டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லுங்கள். எஞ்சினின் குரலும் வண்டியின் வேகமும் கைகோத்து ஏறினால் கிளட்ச் நலமாக இருக்கிறது. குரல் மட்டும் திடீரென்று உயர்ந்து, வேகமுள் சோம்பிக் கிடந்தால் வழுக்கல்.

முதல் கியரில் ஏன் இதைப் பார்க்கக் கூடாது? முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் பல சுற்றுகள் சுற்றுகிறது. நெம்புகோலின் நீண்ட பக்கத்தை எஞ்சின் பிடித்திருப்பது போல. அதனால் அதற்குக் கார் இலேசாகத் தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் எஞ்சினும் காரும் சேர்ந்து சட்டென்று வேகமெடுத்துவிடும். எஞ்சினின் முறுக்குவிசையில் ஒரு பகுதி அதன் சொந்தச் சக்கரத்தை வேகப்படுத்தவே செலவாகிவிடும். டாப் கியரில் அப்படியில்லை. கார் மலை போல் கனக்கும். எஞ்சின் தன் வேகத்தைச் சட்டென்று கூட்டிக்கொள்ள முடியாது. அது தரும் முறுக்குவிசை ஏறக்குறைய முழுவதும் கிளட்ச் வழியாகத்தான் போயாக வேண்டும். சற்று முன் பார்த்தோமே, 50 நியூட்டன் மீட்டர்தான் கடத்த முடியும் என்ற கிளட்ச். அது 59ஐச் சந்திக்கும் இடம் இதுதான்.

அப்போது எழும் வெப்பத்தையும் கணக்கிடலாம். 50 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில், எஞ்சின் பிளேட்டைவிட நிமிடத்துக்கு 500 சுற்று அதிகமாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். உராய்வில் வீணாகும் திறன் சுமார் 2,600 வாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் இரண்டரையை ஒரு சிறு தட்டின் மீது வைத்தது போல! கருகிய வாடை வராமல் என்ன செய்யும்?

சாலையில் போகாமலே செய்யும் சோதனை ஒன்றும் உண்டு. கை பிரேக்கையும் கால் பிரேக்கையும் போட்டுக்கொண்டு, மூன்றாம் கியரில் கிளட்சை மெல்ல விடுவது. நல்ல கிளட்ச் எஞ்சினை உடனே அணைத்துவிடும். வழுக்கும் கிளட்சில் எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கை பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. இந்தக் காரை இழுப்பதோ முன் சக்கரம். ஆகவே வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. இதை ஒரே முறைதான் செய்ய வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால், இல்லாத கோளாறையும் உண்டாக்கிவிடலாம்.

சத்தத்திலும் ஒரு நயம் இருக்கிறது. நியூட்ரலில் எஞ்சின் ஓடுகிறது. 'ஞொய்' என்று ஒரு முனகல் கேட்கிறது. கிளட்சை மிதித்ததும் அது மறைந்தால், மிதித்தபோது எது நின்றது என்று யோசியுங்கள். கியர் பாக்ஸின் உள்தண்டு நின்றது. எனவே முனகியது அந்தத் தண்டின் பேரிங். அமைதியாக இருந்த வண்டி, மிதித்த பிறகு முனகத் தொடங்கினால், மிதித்தபோது எதன்மீது பாரம் விழுந்தது? ரிலீஸ் பேரிங்கின் மீது. ஒரே பெடல், இரண்டு எதிரெதிர் விடைகள். பேரிங்கைக் கண்ணால் பார்க்காமலே அதன் பெயரைச் சொல்லிவிடுகிறோம்.

குற்றம் கியர் பாக்ஸுடையதாக இருக்கும்போது

கியர் பாக்ஸ் எப்போதும் நிரபராதி என்று சொல்ல வரவில்லை. மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு இறங்கும்போது என்ன நடக்கிறது? அதே வண்டி வேகத்தில், மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 1,800 முறை சுற்றிய உள்தண்டு, இரண்டாம் கியரில் ஏறத்தாழ 2,900 முறை சுற்ற வேண்டும். இந்த வேறுபாட்டைச் சமன் செய்யாமல் பற்களைச் சேர்த்தால் கடிக்கத்தான் செய்யும். பழைய லாரிகளின் ஓட்டுநர்கள் இதைக் காலால் சமாளித்தார்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டித் தண்டின் வேகத்தை ஏற்றி, மறுபடி மிதித்துக் கீழ்க் கியர் போடுவார்கள். இதற்கு 'டபுள் கிளட்ச்' என்று பெயர்.

இந்த வித்தையை இயந்திரமே செய்யும்படி அமைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் தாம்ப்சன். 1928இல் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. கூம்பு வடிவப் பித்தளை வளையம் ஒன்று, பற்கள் சேரும் முன்பே உரசி, இரு பக்கத்து வேகங்களையும் சமமாக்குகிறது. அதுவும் ஒரு குட்டிக் கிளட்ச்தான். தேயக்கூடியதும்கூட.

எனவே கிளட்ச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிய வண்டி, ஓடும்போது ஒரே ஒரு கியரில் மட்டும் கடித்தால் அந்தக் கியரின் பித்தளை வளையத்தைச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் இரண்டாவது கியர்தான். நகரத்துச் சாலையில் அதற்குத்தான் வேலை அதிகம். 'டபுள் கிளட்ச்' செய்தால் சத்தம் மறைந்துவிட்டது என்றால் சந்தேகம் உறுதியாகிவிடும். போட்ட கியர், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் தானே நழுவி நியூட்ரலுக்கு வந்தால் உள்ளே பல்லோ, பிடித்துவைக்கும் வில்லோ தேய்ந்திருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்து, எஞ்சின் ஆடி, கியர் கம்பியை இழுத்துவிடுவதும் உண்டு. ரப்பரை முதலில் பாருங்கள், விலை குறைவு. கிளட்சை விடும்போது வண்டி நடுங்கிக் கிளம்பினாலும் இந்த ரப்பரையோ, பிளேட்டில் படிந்த எண்ணெயையோதான் நினைக்க வேண்டும்.

இனி அத்தானின் கார்

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டுக்குப் போனபோது, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவள் மகளையும் சேர்த்துக்கொண்டு சோதனைகளைத் தொடங்கினேன். எஞ்சின் நின்றிருக்க, எல்லாக் கியர்களும் வெண்ணெய் போல் விழுந்தன. எஞ்சின் ஓட, முதல் கியர் முரண்டு பிடித்தது. ஐந்து எண்ணியும் ரிவர்ஸ் கடித்தது. பெடல் தரையில் முட்டும்வரை மிதித்திருந்தும், முதல் கியரில் வண்டி முன்னால் நகரப் பார்த்தது. ஒட்டல் என்பதில் ஐயமில்லை. கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை என்று அத்தானிடம் சொன்னேன். அவர் அரை மனதாகத் தலையாட்டினார்.

ஆனால் ஒட்டல் எதனால்? வெற்று இறக்கத்தை அளவுகோலால் அளந்தோம். 2 செ.மீ.; சரியாகவே இருந்தது. கேபிளிலும் நைந்த இழை எதுவும் இல்லை. எனக்கு அடுத்த வழி தெரியவில்லை. கிளட்சை இறக்கித்தான் பார்க்க வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, இது எப்ப ஆரம்பிச்சுது?" என்றாள் அக்காள் மகள்.

"ஐந்தாவது மாசம்னு உங்கப்பா சொன்னாரே."

"அதைக் கேக்கலை. அதுக்கு முன்னாடி வண்டியில எதை மாத்தினோம்?"

அத்தான் எதையும் மாற்றவில்லை என்றார். பெட்ரோல் போட்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லையாம். அக்காள்தான் வாசலிலிருந்து சொன்னாள்: "மழைக்காலம்னு கால்மிதி வாங்கிப் போட்டேனே!"

குனிந்து பார்த்தோம். தேங்காய் நாரில் செய்த தடித்த கால்மிதி. அதன் மேல் நுனி முன்னால் நகர்ந்து, கிளட்ச் பெடலுக்கு நேர் கீழே இரண்டாக மடிந்து கிடந்தது. மடிந்த இடத்தின் உயரம் 3 செ.மீ. அத்தான் 'தரை' என்று நினைத்து மிதித்தது இந்த மடிப்பைத்தான்!

கணக்கும் ஒத்துவந்தது. அந்தப் பெடல் மொத்தம் சுமார் 12 செ.மீ. இறங்கும். வெற்று இறக்கம் 2 போக, வேலை செய்யும் மிதி 10. கால்மிதி அதில் 3ஐத் தின்றுவிட்டது. முழு மிதிக்கே பிரஷர் பிளேட் விலகுவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போனால் பிளேட் இரு பக்கமும் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கும். கால்மிதியை எடுத்து வெளியே போட்டுவிட்டு, ஐந்து எண்ணி ரிவர்ஸ் போடச் சொன்னேன். சத்தமே இல்லாமல் விழுந்தது. அத்தான் நம்பாமல் நான்கு முறை போட்டுப் பார்த்தார்.

முதல் பட்டறைக்காரர் செய்தது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். பெடல் போதிய தூரம் இறங்காததால் வந்த ஒட்டலை, கேபிளை முறுக்கி ஈடு செய்தார். வெற்று இறக்கம் மறைந்தது. ரிலீஸ் பேரிங் எந்நேரமும் வில் தகட்டை அமுக்கியது. அதனால்தான் மேம்பாலத்தில் வழுக்கியது. இரண்டாம் பட்டறைக்காரர் கேபிளைச் சரியான அளவுக்குத் தளர்த்தினார். ஆனால் கால்மிதி அங்கேயே இருந்ததே! இருவரும் கேபிளை மட்டுமே பார்த்தார்கள். அவர்களை நான் அதிகம் குறை சொல்ல மாட்டேன். அளவுகோலோடு பெடலுக்குப் பக்கத்தில் குனிந்திருந்த எனக்கும் அது கண்ணில் படவில்லை.

கால்மிதி அப்படியே கிடந்திருந்தால், ஒட்டும் கிளட்சோடு மல்லுக்கு நின்றே பித்தளை வளையங்கள் தேய்ந்திருக்கும். இரண்டாம் பட்டறைக்காரரின் வாக்கு ஒரு வருடத்தில் பலித்திருக்கும்.

வண்டி அந்த வாரமே மருத்துவமனைக்குப் போய் வந்தது. ஆயினும் முழு நற்செய்தி என்று சொல்ல முடியாது. வழுக்கிய அந்தச் சில வாரங்களில் பிளேட்டின் ஆயுள் பெருமளவு கருகிப் போயிருந்தது. அடுத்த ஆறு மாதத்தில் வெற்று இறக்கம் தானாகவே குறைந்துகொண்டு வந்தது. இரண்டு முறை நட்டைத் தளர்த்திச் சரிசெய்தோம். மூன்றாம் முறை, டாப் கியர் சோதனையில் எஞ்சின் குரல் தனியே ஏறியது. கிளட்ச் பிளேட்டை மாற்றினோம். கியர் பாக்ஸ் வேலைக்குக் கேட்ட தொகையில் அது ஒரு சிறு பகுதிதான்.

மெக்கானிக்கிடம் பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கி வந்தோம். ஈரத் துணியால் துடைத்தோம். அந்தத் தூசியை ஊதக் கூடாது. பழைய வண்டிகளின் உராய்வுப் பட்டைகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். புதிய பிளேட்டில் ரிவெட் தலைகள் பட்டைக்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் புதைந்திருந்ததை, அதைப் பொருத்துவதற்கு முன்பே அக்காள் மகள் தன் வெர்னியர் அளவியின் ஆழக் கம்பியால் அளந்து குறித்து வைத்திருந்தாள். பழையதில் அந்தக் கம்பி இறங்கவே இடமில்லை. இரண்டு ரிவெட்டுகளின் தலைகள் பிளைவீலை உரசிக் கண்ணாடி போல் பளபளத்தன.

கால்மிதி இப்போது அக்காள் வீட்டு வாசலில் கிடக்கிறது.